மஞ்சள் முக்கோணம்

ஜெரேனியம் பூச்செடித் தொட்டியைத் தூக்கி இலையைத் திருப்பினேன். அடியில் துருப்பொடி இருந்தால் துரு நோய். சொரசொரவென்று கொப்புளம் இருந்தால் தண்ணீர் அதிகம். இரண்டும் இல்லை. இலை ஓரத்திலிருந்து உள்ளே கூராக இறங்கும் மஞ்சள் முக்கோணம் மட்டும். பக்கத்துத் தொட்டியிலும் அதே. அதற்கடுத்ததில் தண்டே கறுத்திருந்தது.

மஞ்சள் முக்கோணம் கருகல் நோயின் அடையாளம். அது கத்தி வழியாகத்தான் இப்படி வரிசையாகப் பரவும். இந்த நர்சரியில் புதுச் செடி வளர்க்க ஜெரேனியத் தண்டைக் கட்டிங் எடுக்கும் கத்தி ஒன்றே ஒன்று. பதினேழு வருடமாக அது என் அம்மாவின் கையில் இருக்கிறது.

நான்கு மணிக்கு லாரி. நோய் இல்லை என்ற தாள் இல்லாமல் வாங்குகிறவர்கள் தொட்டியை இறக்க விடமாட்டார்கள். வெறும் தண்ணீர்க் கோளாறு என்று எழுதச் சொல்லி முதலாளி மூன்று முறை வந்துபோனார். இங்கே செடிகளைச் சோதித்து அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடைய விவசாயப் பட்டம். அவருக்கு அது ரப்பர் ஸ்டாம்ப்.

அம்மா என்னருகே வந்து நின்றாள்.

"தண்ணின்னே எழுதிடுடி."

"அங்க போய் ஐநூறு தொட்டியும் செத்தா?"

"செத்தா அவங்க பாடு. என் வேலை போனா நம்ம பாடு."

நான் தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் நனையப் பிடித்தேன். நான்காவது நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு நூல் இறங்கியது. கிருமி. அம்மாவும் பார்த்தாள்.

"என்ன டாக்டரம்மா, முடிஞ்சுதா?" என்று முதலாளி வந்தார். சொன்னேன். அவர் குவளையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ப்ளீச்சிங் தண்ணீரில் முக்கச் சொல்லியிருந்தும் இந்தச் சோம்பேறித்தனமா, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். குரல்கூட உயரவில்லை.

என் நாக்கு நுனிக்குக் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. அதற்குள் அம்மா ஸ்டோர் ரூமுக்குப் போய், ஒட்டடை படிந்த ப்ளீச்சிங் வாளியைக் கொண்டுவந்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"முக்கி முக்கி வெட்டுனா பாதி வேலைகூட ஆகாதுன்னு இதை உள்ள வைக்கச் சொன்னது நீங்கதான் சார்."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. நான் கருகல் நோயை எழுதினேன், கத்தியை எழுதினேன், வாளியையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் படித்துவிட்டு வெளியே போனார். வெறும் வண்டியாகத் திரும்பச் சொல்வது கேட்டது. எங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அம்மா வாளியைக் கழுவி, ப்ளீச்சிங் கரைத்து, கத்தியை உள்ளே போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"முக்காம வெட்டினா பரவும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"நீ காலேஜ் போறதுக்கு முன்னாடியே தெரியும்டி," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடியே.