கை தூக்கிய சட்டத்தரணி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. நல்லவன் என்று நம்பி எழுதிக்கொண்டுபோகிற ஆள் நடுவழியில் காலை வாரினால் என்ன செய்வது? அந்த எரிச்சலைக் கனகலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் வழக்காடும் சட்டத்தரணியாக இருந்தவர். 1992இல் ஆங்கிலேய நகரான இல்ஃபோர்டில் குடியிருந்து, பாண் சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தார். லீவு நாட்களில் எலைஜா ப்ரூஸ்டர் என்ற பழைய அமெரிக்கச் சட்டத்தரணியின் வாழ்க்கையை ஒரு தமிழ் மாதப் பத்திரிகையில் தொடராக எழுதினார். (ப்ரூஸ்டரைத் தேடாதீர்கள். என் கற்பனை.)

2

தச்சனின் மகனான ப்ரூஸ்டர் விளக்கடியில் சட்டம் படித்து—

(வேண்டாம். எல்லாப் பெரிய மனிதர்களும் விளக்கடியில்தான் படித்துத் தொலைக்கிறார்கள்.)

1851இல், தப்பி வந்த அடிமைப்பெண் ஹன்னாவையும் அவள் கைக்குழந்தையையும் மூன்று நாள் வாதாடி மீட்டார் ப்ரூஸ்டர். அதைச் சொன்ன ஆறாம் அத்தியாயத்துக்காக மனோர் பார்க் கோயிலில் வாசகர்கள் கனகலிங்கத்தின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

ஏழாவதுக்குக் குறிப்பெடுக்கும்போதுதான் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து சட்டசபைக்குப் போன அதே ப்ரூஸ்டர், கறுப்பர்கள் தன் மாநிலத்தில் குடியேறக் கூடாது என்ற சட்டத்துக்குக் கை தூக்கியிருக்கிறார்.

"மடையன்!" என்று வீட்டில் கத்தினார் கனகலிங்கம். "இதை எழுதாமல் விடப்போறன். ஒரு வோட்டுத்தானே."

"எழுதுங்கோ," என்றாள் மனைவி செல்வமலர்.

"எழுதினால் இவ்வளவு நாளும் எழுதினது பொய்யாய்ப் போயிடுமப்பா!"

"வழக்கு வென்றதும் உண்மை, இதுவும் உண்மை."

செல்வமலரின் தங்கை வசந்தமலர் அவர்களோடுதான் இருந்தாள். அவளுடைய அகதி மனு போன கிழமைதான் நிராகரிக்கப்பட்டிருந்தது. அவள் கேட்டாள்:

"அத்தான், அந்த ஹன்னாவும் பிள்ளையும் பிறகு எங்கை போனவை?"

கனகலிங்கத்துக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

3

நூலகம் நூலகமாக அலைந்தார். ப்ரூஸ்டருக்கு செனட்டர் பதவி, சிலை, எழுபத்தாறு வயதில் பெரிய சாவு எல்லாம் இருந்தன. ஹன்னாவுக்கு, தீர்ப்புக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

ப்ரூஸ்டர் போட்ட வாக்கையும் எழுதினார், வசந்தமலரின் கேள்வியையும் எழுதினார். பத்திரிகை ஆசிரியர் போன் எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் எழுதின அந்தப் பந்தியை வெட்டுவம். சனத்துக்கு ஒரு நல்ல மனுசன் வேணும்."

"எனக்கும்தான் வேணும். வெட்ட ஏலாது."

தொடர் நின்றது.

4

கிழட்டு ப்ரூஸ்டர் வருந்தி அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். கிழித்தேன், அந்த ஆள் அழுகிற ரகமில்லை. ஹன்னாவைக் கனடாவில் சுகமாக வாழவைத்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

செவ்வாய்க்கிழமை வசந்தமலரின் அப்பீல். இந்த நாட்டில் வாதாட உரிமையில்லாத கனகலிங்கம், வெறும் அத்தானாகக் கூடப்போகிறார். அந்தத் தீர்ப்பை நான் எழுதப்போவதில்லை.

ஹன்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியிறங்கி, வலப்புறம் திரும்பி—

இதற்குமேல் நீங்கள் எழுதுங்கள். ஆனால் அவளை எங்கே நிறுத்துவதானாலும், அங்கே நிற்க அவளுக்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள்.