மோதிர முடிச்சு

எங்கள் நகரத்தில் யாரும் எட்டிப் பார்க்காத தெருக்களுக்குப் போய், அங்கே என்ன வாங்கலாம், எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எழுதுவது என் வேலை. வார இதழில் கடைசிக்கு முந்தைய பக்கம். ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. "தெரு எங்க இருக்கு, என்ன கிடைக்கும், வயிறு கெடுமா கெடாதா. இது போதும். அன்னிக்கு மேகம் எப்படி இருந்துச்சுன்னு யாரும்மா கேட்டாங்க?" என்பார். நான் மேகத்தைப் பற்றி எழுதிக்கொண்டேதான் இருந்தேன். அவரும் வெட்டிக்கொண்டேதான் இருந்தார்.

ஆனால் நான் தெருத்தெருவாக அலைந்தது பக்கத்தை நிரப்புவதற்கு மட்டும் இல்லை. என் அண்ணனைத் தேடித்தான் அலைந்தேன். சனிக்கிழமைகளில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போவேன்.

அண்ணன் வீட்டை விட்டு ஓடிப்போகிற ரகம் இல்லை. அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டுவது அவன் பொறுப்பு. எலும்பு சூப்புக்காக ராத்திரி முழுக்க ஓர் அடுப்பு சின்னத் தீயில் எரிய வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று அவன் முறை. கண் அசந்துவிட்டான். கடையின் பின்கட்டு எரிந்துபோயிற்று. அவனை வெளியே இழுக்கப் போன அப்பாவின் வலது கை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அப்பா, "என் கண்ணுல படாதே" என்றார். கோபத்தில் யார் என்னதான் சொல்வதில்லை? ஆனால் அண்ணன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அன்றிலிருந்து அவர் கண்ணில் படவில்லை. எங்கள் கண்ணிலும் படவில்லை.

அப்பாவின் விரல்கள் ஆறி, கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிட்டன. கடை பூட்டியே கிடந்தது. அவர் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணிதான் அவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிட்டாள், சோற்றைப் பிசைந்து வைத்தாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணியின் அப்பா போன வாரம் போனில் சொல்லிவிட்டார்: "போதும்மா. ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன். துணிமணியை எடுத்து வை."

எனவே இது கடைசிச் சனிக்கிழமை.

அந்தத் தெரு ரயில் பாதைச் சுவரை ஒட்டி, ஒரு லாரிப் பட்டறைக்கும் மூடிப்போன சினிமா கொட்டகைக்கும் நடுவில் ஆரம்பித்தது. பாதித் தூரத்துக்கு அது தெருவா, யாருடைய வீட்டுக் கொல்லையா என்றே தெரியவில்லை. திரும்பியதும் திடீரென்று கடைகள். பட்டன் மட்டும் விற்கிற கடை, கடிகாரப் பட்டை மட்டும் விற்கிற கடை, பழைய செருப்புகளை ஜோடி சேர்த்துத் தொங்கவிட்ட கடை. கண்ணாடிக் கடைக்காரர் சரக்கை வெளியே சாய்த்து வைத்திருந்ததால் வானம் தரையில் கிடந்தது. எங்கள் கால்கள் அதன் ஓரமாக நடந்து போயின. இரண்டு கடைக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. எண்ணெய்ப் புகையும் ரயிலின் இரும்பு வாசனையும் கலந்து வந்தன. வேறொரு நாளாக இருந்தால் எனக்கு அங்கேயே குடியிருக்கத் தோன்றியிருக்கும்.

"மாமாவுக்குப் பிரஸ் பட்டன் வாங்கணும்" என்றாள் அண்ணி. "நான் போனப்புறம் அவரே அழுத்திக்கலாம்ல."

நான் பட்டன் கடைப் பக்கம் நடந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று அவளுக்கும் தெரியும்.

பட்டன் கடை அம்மாள் பட்டன்களை எண்ணாமல் நிறுத்துக் கொடுத்தாள். தாளில் மடித்து, மேலே தொங்கிய நூல்கண்டிலிருந்து சரக்கென்று நூலை இழுத்துக் கட்டி நீட்டினாள். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க அண்ணி அங்கேயே பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நூல் அறுபடாமல், சிக்காமல், ஒரே இழையாக அவள் விரலில் தொங்கியது.

சின்ன வயதில் பொட்டலத்தை நான் பல்லால் கடித்துத்தான் பிரிப்பேன். அதற்காகவே அண்ணன் ஒரு முடிச்சு உண்டாக்கினான். நூலை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, மேலே மோதிரம் அளவுக்கு ஒரு வளையம் விடுவான். விரலை உள்ளே விட்டு ஓர் இழுப்பு. மொத்தமும் கழன்று வந்துவிடும். "ஒரு பொட்டலத்துக்கு ரெண்டு பொட்டல நூல் போகுதுடா!" என்று அப்பா கத்துவார். அண்ணன் சிரித்துக்கொண்டே கடைக்கு வருகிற எல்லாருக்கும் அப்படியே கட்டிக் கொடுத்தான். வேறு எங்கேயும் அந்த முடிச்சை நான் பார்த்ததில்லை.

"என்னம்மா, பட்டன் கொறையுதா?" என்றாள் கடைக்காரம்மாள்.

"இந்த முடிச்சு... உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி.

"நல்லாருக்குல்ல? எதிர்ல மீன் வறுக்கிறான் பாருங்க, அவன் கட்டினதைப் பாத்துக் கத்துக்கிட்டேன். அவன்கிட்ட சொல்லிராதீங்க, பங்கு கேப்பான்."

மீன்காரர் கரண்டியை எண்ணெயில் விட்டபடியே கேட்டுக்கொண்டார். "நானே கண்டுபிடிச்சதுன்னு சொல்லணும்னு ஆசைதான். ஆனா வீட்டுக்காரி உள்ள நிக்கிறா."

"ஆசையைப் பாரு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஈரக் கையைத் துடைத்தபடி அவர் மனைவி வெளியே வந்தாள். "சூப்புக் கடைக் கோட்டான் சொல்லிக் கொடுத்தது. இந்தத் தெரு முழுக்க இப்ப இதே கட்டுதான்."

"கோட்டானா?" என்றேன்.

"ராத்திரி கண்ணே மூடாது அந்தப் புள்ள. ராத்திரி எரியற அடுப்புக்கெல்லாம் அதுதான் காவல். கடை கடையா வந்து பாத்துட்டுப் போகும். எங்க அடுப்பை அணைச்சுட்டுத்தான் போறோம், அதையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் போகும்."

"பகல்ல தூங்குவாரா?" என்று அண்ணி கேட்டாள்.

"எங்க? பேருதான் கோட்டான். கோட்டானாவது பகல்ல தூங்கும்மா."

சூப்புக் கடை தெருவின் கோடியில், ரயில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நாலு பெஞ்சு, ஒரு பெரிய பானை, மூலையில் பரணுக்குப் போகிற மர ஏணி. அண்ணி வழியெல்லாம் நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக வந்திருந்தாள். விரல் நுனி நீலம் பாரித்திருந்தது.

"உட்காருங்க. ரெண்டா?" என்றார் கடைக்காரர்.

"கோட்டான் இருக்காரா?"

"மேல படுத்திருக்கான். கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பாக்கிறதுக்குப் படுக்கிறதுன்னு பேர்னா, படுத்திருக்கான். நீங்க யாரு?"

"நான் அவர் வீட்டுக்காரி. இவ தங்கச்சி."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "டேய் கோ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் கீழ வாப்பா" என்றார்.

முதலில் கால்கள் இறங்கின. பிறகு முழு ஆளும். இளைத்து, உடம்பில் பாதியைக் காணோம். கண் இமைகள் சிவந்து தடித்திருந்தன. அண்ணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திரும்பி ஏணியில் ஏறிவிடுவானோ என்று எனக்குப் பயம். அவன் கேட்டது வேறு.

"வீட்ல அடுப்பை அணைச்சுட்டு வந்தீங்களா?"

மாதக்கணக்கில் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தவள் அண்ணி. எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "அணைச்சாச்சு" என்றாள்.

"கேஸை மூடினியா?"

"மூடியாச்சுங்க."

"வாண்டு, நீ பாத்தியா?"

"பாத்தேண்ணா" என்றேன். நான் பார்க்கவில்லை. அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தேன்.

பெஞ்சின் ஓரத்தில், எழுந்துகொள்ள வசதியாக உட்கார்ந்தான். அண்ணி எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கப்பா நாளைக்கு வண்டியோட வர்றார்."

"போயிடு. அதுதான் உனக்கு நல்லது."

"எனக்கு எது நல்லதுன்னு உங்களைக் கேக்கல. வர்றீங்களா, இல்லையா?"

"அப்பா கண்ணுல படாதேன்னார்."

"அது ஆஸ்பத்திரியில வலியில சொன்னது!"

"வலியிலதான் உண்மை வரும்." சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பானைக்கு அடியில் குனிந்து பார்த்தான். திரும்பி வந்தான். "அங்க வந்தாலும் நான் தூங்க மாட்டேன். கண்ணை மூடினா அந்தப் பொகை வாசனை வருது. அங்க வந்து முழிச்சு முழிச்சு உங்களையும் தூங்க விட மாட்டேன். இங்கன்னா எழுந்து போய்ப் பாக்க அடுப்பாவது இருக்கு."

ஒரு ரயில் போயிற்று. பெஞ்சு, பானை மூடி, கண்ணாடித் தம்ளர்கள் எல்லாம் நடுங்கி அடங்கின. அண்ணி என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். கடைக்காரரைத் தாண்டி உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க மேல போய்ப் படுங்க. அடுப்பை நான் பாத்துக்கறேன்."

"உனக்கு இந்த அடுப்பு தெரியாது."

"கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து உங்க வீட்டு அடுப்படியில நான் ஊஞ்சலா ஆடிட்டிருந்தேன்? போங்க."

"நாளைக்கு உங்கப்பா..."

"அவர் வரட்டும். நான் வீட்ல இருந்தாத்தானே கூட்டிட்டுப் போவார்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன். அண்ணன் ஒரு டப்பாவை எடுத்துச் சூப்பை ஊற்றி மூடினான். தாளில் சுற்றினான், நூலை இழுத்தான். கண் முழுக்க அடுப்பின் மேலேயே இருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

"அப்பாவுக்குக் கொடு. எங்கயோ வாங்கினேன்னு சொல்லு. நான்னு சொல்லாதே. இந்தத் தெருவையும் எழுதிராதே வாண்டு. சத்தியம்?"

"சத்தியம்."

ஏணியில் இரண்டு படி ஏறினான். இறங்கி வந்து தீயைப் பார்த்தான். மறுபடி ஏறினான், மறுபடி இறங்கினான். கடைசியில் மேலேயே தங்கினான். பரண் விளிம்பில் அவனுடைய ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிற காலா, முழித்திருக்கிற காலா என்று கீழேயிருந்து சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்துக் குனிந்தபோதுதான் கவனித்தேன். நூல் இரண்டு சுற்று கூடுதல். மேலே மோதிரம் அளவுக்கு ஒரு வளையம். சொல்லாதே என்று சத்தியம் வாங்கியவன் தன் கையாலேயே சொல்லி அனுப்பியிருந்தான்.

அவிழ்த்துவிட்டு வேறு மாதிரி கட்டிவிடலாமா என்று வளையத்துக்குள் விரலை விட்டேன். எடுத்துவிட்டேன். எனக்கு அவிழ்க்க மட்டும்தான் தெரியும், கட்டத் தெரியாது. அப்படித்தான் என்னை வளர்த்திருந்தான்.

வீட்டில் விளக்குப் போடாமல் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க அவ?"

"ஒரு இடத்துல இருக்காங்கப்பா. இன்னிக்கு வர மாட்டாங்க."

"நாளைக்கு அவ அப்பன் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

விளக்கைப் போட்டேன். பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன். "சூப்புப்பா. எங்கயோ வாங்கினேன்."

பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்க அப்பா யாரையும் விடமாட்டார். இடது கையால் பிடித்துப் பல்லால் கடிப்பார். என் சின்ன வயதுப் பழக்கம் இப்போது அவருக்கு. இன்றும் குனிந்தார். பாதியில் நின்றார். எப்போதும் துண்டுக்கு அடியில் மறைத்து வைத்திருக்கும் வலது கை மெல்ல வெளியே வந்தது. கொக்கி மாதிரி மடங்கிய சுட்டுவிரல் அந்த வளையத்துக்குள் தானாகப் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தார். நூல் ஒரே இழையாகக் கழன்று விழுந்தது.

தாளைப் பிரிக்கவில்லை. நூலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார். தாளில் எண்ணெய்க் கறை மெதுவாகப் பரவியது.

"நூலை வீணாக்குறான்" என்றார்.

பொட்டலத்துக்கு அடியில் ஒரு தட்டை வைத்தேன்.

"எந்தத் தெரு?"

வாராவாரம் ஊருக்கெல்லாம் தெரு சொல்கிறவள் நான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லக் கூடாதுன்னானா?"

தலையாட்டினேன்.

"சரி. நீ சொல்ல வேணாம். முன்னால நட, நான் பின்னால வர்றேன்." நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். சட்டையைத் தேடி, எடுத்து, கையை நுழைத்தார். பட்டனைப் போடச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை, திறந்தபடியே விட்டுவிட்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அடுப்பு அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டு வா."

உள்ளே போனேன். கேஸ் மூடித்தான் இருந்தது. இருந்தாலும் அடுப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.