மூன்றாவது ஓலைக்கு முன்

என் வலது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. வலி கிடையாது, யாரும் அதைச் சட்டை செய்ததும் கிடையாது. 1964-ல் எனக்கும் எட்மண்டுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, தாம்பரம் சர்ச்சுக் கோயிலில் முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள்; இப்படி மூன்று ஞாயிறு சபையில் அறிவித்த பிறகுதான் கல்யாணம். அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா என் காதோரம் உற்றுப் பார்த்தார். அவ்வளவுதான், என் அண்ணன் தயாளனுக்குத் தூக்கம் போயிற்று.

பட்டணத்துப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனான். அவர் அழுத்திப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"எச்சில் சுரப்பியில வந்த கட்டி. கெட்டது இல்ல. ஆனா கட்டியை மட்டும் தோண்டி எடுத்தா மிச்சம் மீதி தங்கி மறுபடியும் வளரும். சுரப்பியோட மேல்பாகத்தையே சேர்த்து எடுக்கணும். உள்ளே முகத்து நரம்பு ஓடுது, அதை ஒதுக்கிட்டு நிதானமா செய்யணும். கொஞ்ச நாள் வாய் கோணலாம், பெரும்பாலும் சரியாயிடும். அவசரமில்ல, கல்யாணத்துக்கு அப்புறம்கூட வாங்க."

இத்தனையிலும் அண்ணன் காதில் விழுந்தது 'கோணலாம்' மட்டும்தான்.

இரும்புலியூர்ப் பக்கம் ஒரு டாக்டர், சின்னதாகக் கீறிக் கட்டியை மட்டும் உருட்டி எடுத்துவிடலாம் என்றார். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"மூணாவது ஓலைக்குள்ள தையலே பிரிச்சுடலாம், யூனிஸ்!"

"பெரிய டாக்டர் வேண்டாம்னாரே அண்ணா?"

"ஊர்வாயை மூட உலைமூடி இல்ல. உனக்கு வாழ்க்கை வேணுமா, டாக்டர் பேச்சு வேணுமா?"

முகம் என்னுடையது. முடிவு அவனுடையது.

கட்டியை எடுத்து, தையலும் பிரித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு, இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரி ஐயர் வாசித்தார். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அண்ணன் சந்தோஷப்பட்டான்.

பதினோரு வருஷம் கழித்துத் தழும்பைச் சுற்றிப் பட்டாணி பட்டாணியாய் முளைத்தன. அதே பெரிய டாக்டரிடம் போனேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இப்ப தழும்புக்குள்ள நரம்பு எது, கட்டி எதுன்னு பிரிக்கிறது கஷ்டம்மா" என்றார்.

கட்டிகள் போயின. நரம்பும் போயிற்று. வலது கண் மூடாது. காபி குடித்தால் வாயோரம் வழியும். தூங்கப் போகும்போது எட்மண்ட்தான் கண்ணுக்கு மருந்து வைத்துத் துணி கட்டிவிடுவார். ஒருநாள் கட்டிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு அன்னிக்கு அவ்வளவு அவசரமா ஆபரேஷன் பண்ணீங்க? கட்டி இருக்குன்னு அம்மா அப்பவே வீட்டுல சொன்னாங்க. இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னுதான் நாங்க விட்டுட்டோம்."

அன்றைக்கு அழுததுபோல நான் என்றைக்கும் அழுததில்லை. அதுவும் ஒற்றைப் பக்கமாகத்தான்.

போன மாதம் அண்ணன் வந்தான். அவன் மகள் ஞானஜோதிக்கு ஓலை வாசிக்கப் போகிறார்கள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோயிலுக்கு வர்றாங்க. குடும்ப வியாதின்னு நினைச்சுட்டா பேஜாரு. நீ கொஞ்சம் பின்னாடி உட்கார்ந்துக்கோயேன்."

"சரிண்ணா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் முக்காட்டை எடுத்துவிட்டு, அவரைப் பார்த்து மனதார, முழுசாகச் சிரித்தேன். பாதிதான் வந்தது.