சாம்பல் தாளில் பத்து வரி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, என் தங்கையின் கையிலிருந்து மஞ்சள் தாளை வாங்கிக்கொண்டு சாம்பல் தாளைக் கொடுத்தேன். அங்கேதான் பிறந்தது. உங்களிடம் சொல்கிறேன். அந்தத் தாள் எதற்கு என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

'நாலு மணிக்கு யாரோ படியேறி –' வேண்டாம். இது அவளுடைய வரி.

'என் தங்கைக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியா –' இதுவும் வேண்டாம். இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. அவள் உயிரோடுதான் இருக்கிறாள். மூன்றாவது மாடியில், நான்கு பூட்டுகளுக்கு உள்ளே.

2

என் வேலையைச் சொல்ல வேண்டும். கடைக்கு வருவதற்கு முன் ஒரு பொருளை நாலு பேரிடம் காட்டி, பிடிக்கிறதா என்று கேட்கும் அலுவலகம் ஒன்றில் அரை நாள் வேலை. தாள் கொடுப்பது, வாங்குவது, டீ ஊற்றுவது. வருகிறவர்கள் ஒரு டப்பாவில் கைவிட்டு ஒரு தாளை எடுப்பார்கள். மஞ்சள் வந்தால், வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த ஒரு நாளைப் பற்றிப் பத்து வரி. சாம்பல் வந்தால், வீட்டில் தனியாக இருந்து பயந்த நாளைப் பற்றிப் பத்து வரி. எழுதி முடித்ததும், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, ஒரு தட்டில் ஒரு பூட்டைக் கொண்டுபோய் வைப்பேன்.

ஒரே பூட்டு. மஞ்சள் தாள்காரர்கள் அதைத் திருப்பிப் பார்த்து, "இத ரெண்டு சுத்து சுத்தணுமா, யாருக்குப் பொறுமை இருக்கு?" என்பார்கள். சாம்பல் தாள்காரர்கள் கையில் வைத்து எடை பார்த்து, "நல்லா கனமா இருக்கு" என்பார்கள். ஏன் பிடித்தது என்று கேட்டால் ஒருவர்கூடத் தாளைச் சொல்ல மாட்டார். இரும்பு நல்ல இரும்பு என்பார்.

எங்கள் மேலாளருக்குப் 'புள்ளிக்காரர்' என்று பட்டப்பெயர். எதற்கும் பத்துக்கு எத்தனை என்று கேட்பார், நான் ஊற்றும் டீ உட்பட. (நாலரைக்கு மேல் கொடுத்ததில்லை.) அவர் ஒருமுறை சொன்னார்: "வெறும் பயத்த மட்டும் குடுத்தீங்கன்னா ஆளு எழுந்து போயிடுவாரும்மா. பயத்துக்குப் பக்கத்துலயே, கைக்கு எட்டற தூரத்துல ஒண்ண வைக்கணும். அப்ப அவரே எடுத்துக்குவாரு."

[இங்கே மனித மனம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பேத்தி படித்துவிட்டு, "பாட்டி, கிளாஸ் எடுக்கறே" என்றாள். எடுத்துவிட்டேன்.]

3

தங்கை வந்த காரணம் டார்ச் லைட். கலந்துகொள்கிற எல்லோருக்கும் ஒன்று இலவசம். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள், ஒண்டிக்கட்டை. நாள் முழுக்க யார் யாரோ படியேறி வந்து ரவிக்கையும் சட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். கதவைச் சாத்தவே மாட்டாள்.

அவளுக்கு வந்தது மஞ்சள். அன்று சாம்பலுக்கு ஓர் ஆள் குறைந்தது.

"என்னக்கா, கையில வந்தத புடுங்கறே? ஓரவஞ்சனையா?"

"எண்ணிக்க இடிக்குதுடி. எழுதிட்டுப் போயேன்."

"தனியா இருந்து பயந்ததே இல்லையே. உன் வீட்டுல சாப்புட உக்காந்தப்ப வேணா பயந்திருக்கேன்."

"வாயப் பாரு. எதையாவது கட்டி விடு."

பேனாவைக் கடித்துக்கொண்டு எழுதினாள். நாலு மணிக்கு யாரோ படியேறி வருகிறார்கள். என் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். தட்டவில்லை. கூப்பிடவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. இப்படி எட்டு வரி.

"அவ்வளவுதான்க்கா சரக்கு. மீதி ரெண்ட நீயே போட்டுக்கோ" என்று தாளை என் பக்கம் தள்ளினாள்.

போட்டேன். 'நான் கதவைத் திறக்கவில்லை. அவர்களும் போகவில்லை.'

பூட்டுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தாள். பாதி விலைக்கு ஒன்றை வாங்கிக்கொண்டும் போனாள். சிரித்துக்கொண்டேதான் போனாள்.

4

பதினைந்து நாள் கழித்துப் போன் செய்தாள். "அக்கா, சாயங்காலம் யாரோ வராங்க."

"தைக்கக் குடுக்க வந்திருப்பாங்க."

"தட்டலக்கா."

இரண்டாவது பூட்டு வாங்கினாள். கீழ்வீட்டுக்காரர் மணிக்கணக்காக நின்று பார்த்து, என்னைத் தவிர யாருமே வரவில்லை என்று சத்தியம் செய்தார். "அவருக்கே தெரியாம வருதுன்னா எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருக்கா" என்றாள். மூன்றாவது பூட்டு. தையல் கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். காலையில் மட்டும் பின்பக்கச் சந்தில் கயிற்றில் பை இறக்குவாள், கடைக்காரர் சாமானைப் போட்டு அனுப்புவார்.

இது இதோடு நின்றிருந்தால் நான் கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. இடது கால் பெருவிரலில் புண். கட்டு மாற்ற வந்த நர்ஸையும் உள்ளே விடவில்லை. பன்னிரண்டு நாள் ஆகிறது. "இந்த வாரத்துக்குள்ள பாக்கலன்னா வெரலோட நிக்காதும்மா" என்று நர்ஸ் என்னிடம் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவுக்கு வெளியே நின்று அவளைப் பயமுறுத்தினேன். "காலையே எடுத்துடுவாங்கடி" என்றேன். இத்தனை வருடம் அந்த அலுவலகத்தில் டீ ஊற்றியும் புத்தி வரவில்லை. பயந்தவள் கைக்கு எட்டுவதைத்தானே எடுப்பாள். மறுநாள் அதே கயிற்றுப் பையில் நான்காவது பூட்டை வரவழைத்து மாட்டிக்கொண்டாள்.

கதவை உடைத்தால் என்ன என்பீர்கள். பூட்டுக்காரரைக் கூட்டிப்போனேன். அவர் உளியை வைத்ததும் உள்ளே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடி. திரும்பிவிட்டோம்.

5

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்கு மூன்றரைக்கு வேலை முடியும். பஸ் பிடித்து அவள் வீட்டுக்கு வர நாலு மணி. மூட்டுவலியோடு மூன்று மாடி. கதவுக்கு முன்னால் நின்றால் மூச்சு வாங்கும். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே, தட்டாமல், கொஞ்ச நேரம் நிற்பேன்.

அவள் கேட்பது என் காலடியைத்தான். உடனே போன் செய்து சொல்லிவிடலாம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

*ஒரு நிமிஷம். நான் தினமும் போக ஆரம்பித்தது அவள் முதல் போனுக்குப் பிறகு. அப்படியானால் அதற்கு முன்பு வந்தது யார்? இதை உங்களிடம் மறைக்கலாமென்று இருந்தேன். கணக்கு உதைக்கிறது.*

அன்று எனக்குக் காய்ச்சல், போகவில்லை. படுத்தபடி, எழுதிய வரைக்கும் பேத்திக்கு அனுப்பினேன். நாலு மணிக்குத் தங்கைக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்கு யாரும் வரலல்ல? ஏன் தெரியுமா..."

"என்னக்கா வெளையாடறே" என்றாள், ரகசியம் பேசுகிற குரலில். "வாசல்ல நின்னுக்கிட்டு எதுக்குப் போன்ல பேசறே? உன் மூச்சு எனக்குத் தெரியாதா?"

நான் கட்டிலில் இருந்தேன். பேத்தி அப்போது பஸ்ஸில் இருந்தாளாம். நான் படியேறுகிற இடத்தைப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) சந்தோஷமான பத்து வரியைக் கதவிடுக்கில் தள்ளுகிறேன். அவள் படிக்கிறாள். மனம் இளகித் திற –
எழுத நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் அதே வியாபாரம், தாளின் நிறம்தான் வேறு.

(ஆ) அவள் திறக்கவே இல்லை. புண் –
இதை எழுத மாட்டேன். எட்டு வரிக்கு மேல் நான் போட்ட இரண்டு வரி என்ன செய்தது என்று பார்த்துவிட்டேன்.

ஆகவே இன்று நேரில் வந்துவிட்டேன். மேல்படியில் உட்கார்ந்துதான் இதைப் போனில் தட்டுகிறேன். கீழே நர்ஸ் ஆட்டோவில் காத்திருக்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

"நான்தான்டி. அக்கா."

"அதுவும் அப்படித்தான் சொல்லுது."

"சின்ன வயசுல உன் பாவாடைய நான் கத்திரிச்சிட்டு எலி மேல பழி போட்டேன்ல?"

"அத நேத்தே சொல்லிடுச்சு."

பாவாடை கதை இந்தக் கதையின், பேத்தி படித்த பழைய பிரதியில் இருந்தது. நேற்றுத்தான் வெட்டினேன். அதற்குப் பிறகு என் கையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைச் சொன்னால் அவள் இனி என் முகத்தில் விழிக்காமல் போகலாம்.

"அன்னிக்கு உனக்கு வந்தது மஞ்சத் தாளு. சாம்பலுக்கு ஆளு பத்தலன்னு நான்தான் மாத்திக் குடுத்தேன், எதுக்குன்னு சொல்லல. அந்தப் பூட்ட உன் தலையில கட்டத்தான் அந்தப் பத்து வரி. பயத்த உனக்குள்ள வச்சது நான்டி."

உள்ளே, தரையில் காலை இழுத்து இழுத்து வரும் ஓசை.

"இவ்வளவு கேவலமா அதுக்குப் பொய் சொல்ல வராது" என்றாள். "நீதான்."

முதல் பூட்டு, இரண்டு சுற்று. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் சாவி நுழைந்தது. நின்றது.

"அக்கா."

"சொல்லுடி."

"உன்ன நம்பறேன். உனக்குப் பின்னாடி நிக்கறது யாரு?"

7

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத வேண்டிவரும்.

நர்ஸ் ஏறவில்லை, ஆட்டோவின் இன்ஜின் இன்னும் கீழே ஓடுகிறது. ஆனால் முதல் பகுதியிலிருந்து ஒருவர் என்னோடுதான் வருகிறார். நான் ஏறினால் ஏறி, நான் நின்றால் நின்று, ஒரு வார்த்தை பேசாமல். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். கதவு திறந்தால் உள்ளே என்ன என்று பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்? அவளுக்குக் காது கூர்மை.

நான் இனி எதைச் சொன்னாலும் விற்கிற பேச்சாகத்தான் இருக்கும். நீங்கள் பேசுங்கள். சாவி திரும்புவதும் திரும்பாததும் அதைப் பொறுத்தது. இனிமையாக எதுவும் வேண்டாம். யார் என்று சொன்னால் போதும்.

கொஞ்சம் உரக்க.