இரவல் பச்சை

மழைக்காலம் முடிந்ததும் நகரத்துக்கு எதிரே இருக்கும் தீவுகளெல்லாம் கரையேறி வந்து ரெஜினாள் வீட்டு வாசலில் வரிசையில் நின்றன. வருஷா வருஷம் நடப்பதுதான். மூன்று தீவுக்குத்தான் காவல் உண்டு. மற்றவற்றைக் கடல் எடுத்துக்கொள்ளும். செடிவகைகளை எண்ணிப் பார்த்து எந்த மூன்று என்று சொல்வது ரெஜினாளின் வேலை.

எண்ணி எண்ணி அலுத்துப்போனவள். ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட எண்ணாமல் விழுங்க முடியாது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. எங்கள் தெருவுக்கு அது தெரியும். அவள் வீட்டில் அன்று என்ன குழம்பு என்பதும் தெரியும்.

முதலில் பெரியதீவு நிலைப்படியில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. உடம்பெல்லாம் பச்சை. கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் போல இருந்ததை எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தது. ஓரத்தில் நீல நரம்போடிய குட்டைப்புல் ஒன்று. வேர் பிடித்திருக்கவில்லை.

"இது உன்னுதா?"

"என் மேலதான நிக்கு" என்றது பெரியதீவு.

கடைசியாக நண்டுத்திட்டு வந்தது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் அடங்கிவிடும். அடங்கியது. மொட்டையாக இருந்தது. போன வருஷம் அதன்மேல் ஒரே ஒரு புல் இருந்தது, அந்த நீல நரம்புப் புல். வேறெங்கும் இல்லாதது. அதனால்தான் பிழைத்தது.

"எங்கட்டி உன் புல்லு?"

"பெரியக்கா கேட்டாவ. ஒரு நாளைக்குப் போட்டுட்டுத் தாரேன்னாவ. பக்கத்துல இருந்துக்கிட்டு எப்படிக்கா இல்லன்னு சொல்ல?"

"திருப்பிக் கேட்டியா?"

"கேட்டேன். எந்தப் புல்லுன்னு கேக்காவ."

ரெஜினாளுக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய இட்லிக் கொப்பரையே ஈஸ்டரிலிருந்து அடுத்த வீட்டுப் பிலோமினாளிடம்தான் இருக்கிறது.

மேலதிகாரி கந்தவேல் வந்தார். ரெஜினாள் சொல்லிப் பார்த்தாள்.

"சார், அது இரவல்."

"யார் மேல நிக்குதோ அவங்க கணக்கு. இந்த மொட்டை கடலுக்குத்தான்."

ரெஜினாள் செருப்பைக் கழற்றினாள். மேசைக்கு அடியிலிருந்து திட்டை இழுத்து அதன்மேல் ஏறி நின்றாள். மணல் ஈரமாக இருந்தது. வீக்கத்துக்கு இதமாகவும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கால்விரல்கள் வேர் பிடித்துக்கொண்டன. தோளில் துளிர் விட்டது. கீழே நண்டுத்திட்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

கந்தவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"ஒண்ணு" என்றார். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் பக்கம் திரும்பினார். "இது வேற எங்கயாவது உண்டா? இருந்தா இந்தத் திட்டு அவுட்டு."

ரெஜினாளுக்கு ஒரு தங்கச்சி உண்டு. அவளையே அச்சில் வார்த்த மாதிரி இருப்பாள். அடுத்த தெருவில்தான் வீடு. எல்லாரும் பிலோமினாளைப் பார்த்தோம். ஒரு சேதியை அரை நிமிஷம் வாயில் வைத்துப் பழகாதவள் அவள்.

பிலோமினாள் எச்சில் விழுங்கினாள்.

"இல்ல சார். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல."

நண்டுத்திட்டின் பேர் காவல் பட்டியலில் எழுதப்பட்டது. அது கடலுக்குத் திரும்பியது, ரெஜினாளோடு. தெருமுனை வரைக்கும் பிலோமினாள் கூடவே நடந்தாள்.

"அப்போ கொப்பரைய நானே வச்சுக்கிடட்டாக்கா?"

காற்று அடித்தது. ரெஜினாள் ஒரு கிளையை ஆட்டினாள். சரி என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.