பியானோவுக்கு ஒரு வருஷம்

ரிப்பேருக்கு வந்த பூதலிங்கம் பியானோவின் உள்பாகத்தை மேஜை டிராயர் போல வெளியே இழுத்து, குனிந்து மோந்து பார்த்தார்.

"ஸார், தேங்காயெண்ணெய் விட்டது யாரு?"

நான்தான். போன ஜூன் மாச இடவப்பாதி மழையில் கட்டைகள் இறுகிக்கொண்டன. கதவுக் கீலுக்கு விடுவதுதானே என்று சாலைக்கடையில் வாங்கிய எண்ணெயைத் தாராளமாக விட்டேன். முப்பது வருஷம் மராமத்து இலாகாவில் குப்பை கொட்டியவனுக்கு அந்த அறிவுகூட இல்லை. உள்ளே கம்பளித் துண்டெல்லாம் ஊறிப் பிசுபிசுத்துக் கிடந்தது.

"இவிய வேலதான். தோசைக்கு விடுயது மாதிரி விட்டாவ," என்று சாய்வு நாற்காலியிலிருந்து என் மனைவி எலிசாள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

ரத்தக்குறைவு என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் வரை இருந்தாலே பெரிது என்றார். இது ஆகஸ்ட். அவளோ, அப்பா வாங்கித் தந்த பியானோவை மறுபடி வாசிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மெட்ராஸில் தொழில் கற்ற பூதலிங்கம் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ரெகுலேட் செய்வது. கட்டை கட்டையாகத் திருகிச் சரிபார்த்து வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவரலாம். மூன்று நாள் வேலை, ஆனால் அடுத்த இடவப்பாதி மழைக்கு மறுபடி இறுகிவிடும். இல்லையென்றால் உள்பாகம் எல்லாவற்றையும் மெட்ராஸுக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கட்ட வேண்டும். கம்பளி சீமையிலிருந்து வரணும், அதற்கு லைசென்ஸ் கிடைக்கணும். ஒரு வருஷம் ஆகும். அப்புறம் இருபது வருஷத்துக்குக் கவலையில்லை.

"புதுசாவே கெட்டிடுங்க," என்றாள் எலிசாள். "ஒரு வருஷந்தானே? செய்யத ஒழுங்கா செய்யணும்."

"ரெகுலேட் பண்ணினா போரும்," என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"அடுத்த மழைக்கு இறுகும்னு சொல்லுதாருல்லா, காதுல விழலியா?"

"அதுவரைக்கும் வாசிக்கலாம்லா."

"அதுக்குப் பொறவு?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். லைசென்ஸ் கிடைக்காது என்றிருக்கலாம், மெட்ராஸ்காரனை நம்ப முடியாது என்றிருக்கலாம். வேண்டாத நேரத்தில் வாய் கிழியப் பேசுகிறவன், அப்போது ஒரு வார்த்தை வராமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலிசாள் பூதலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"ரெகுலேட்டே பண்ணுங்க," என்றாள். "மூணு நாள் எதுக்கு? நாளைக்கே முடியாதா?"