இரண்டு காதுக்கும் காற்று

யோவான் இன்னும் ஒரு முறை சிக்கினால் தீர்ந்தது. நிலக்கரி அதிகம் எரித்ததாக இரண்டு முறை எழுத்தில் எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது வந்தால் எஞ்சினிலிருந்து இறக்கி, திருநெல்வேலி ஷெட்டில் சாம்பல் அள்ள விடுவார்கள். அவர் மார்த்தாண்டத்துக்காரர். எங்கள் பக்கம் ரயிலே கிடையாது. ஆரல்வாய்மொழி தாண்டி வந்துதான் இருவரும் இந்த வேலையைப் பிடித்தோம். அவர் டிரைவர். நான் கரி போடும் ஃபயர்மேன், கடியப்பட்டணத்து ஆள்.

கரி மிச்சம் பிடிக்க அவருக்கு ஒரு வழிதான் தெரியும். ஸ்டேஷனுக்கு ஒரு மைல் முன்பே நீராவியை அடைத்துவிடுவார். வந்த வேகத்திலேயே வண்டி உருண்டு போய்ச் சேரும். செங்கோட்டைக்கு அவர் வைத்திருந்த அடையாளம் ஒரு பனை வரிசை.

அன்று ஆடி மாதம். தென்காசியில் வண்டி நின்றதும் இறங்கி, கண்ணை மூடி, முகத்தை மெதுவாகத் திருப்பினேன். இரண்டு காதிலும் காற்று ஒரே அளவில் இரைந்தால் அது மூக்குக்கு நேரே வருகிறது. கடலுக்குப் போகிறவர்கள் பார்க்கும் விதம். கண்ணைத் திறந்தேன். எதிரே செங்கோட்டைத் தண்டவாளம்.

"நேர் எதிர்க்காத்து அண்ணே. பனைகிட்ட அடைக்காண்டாம்."

"ஏலே, இது உங்க கட்டுமரமில்ல. எட்டுப் பெட்டி. காத்து என்ன செய்யும்?"

பனை வந்தது. அடைத்தார். வண்டி தளர்ந்து, ஸ்டேஷனுக்கு இரண்டு பர்லாங் இருக்கையில் நின்றே விட்டது.

"எறங்கித் தள்ளணுமா டிரைவரே?" என்றான் ஜன்னலில் ஒருவன்.

மறுபடி கிளப்ப நான் போட்ட கரியில் இன்னொரு ஊருக்கே போயிருக்கலாம். யோவான் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது அதே காற்று முதுகில். தென்காசிக்கு இரண்டு மைல் இருக்கையில் கையை நீட்டி நானே நீராவியை அடைத்தேன். ஃபயர்மேன் அதைத் தொடக் கூடாது.

"கைய எடுலே!"

மண்வாரியைப் பிடுங்கி ஓங்கினார். வண்டி வேகம் குறையவில்லை. ஓங்கிய கையோடு வெளியே பார்த்தார். ஸ்டேஷனில் பிரேக் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. மீதி ஊர்களுக்கு அவரே முன்கூட்டி அடைத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஷெட்டில் மிச்சக் கரியை நிறுத்துப் பார்த்தார்கள். செலவு அளவுக்குள் இருந்தது. யோவான் தப்பினார். மறுநாளே வேறு ஃபயர்மேன் கேட்டு வாங்கினார். ஒரு எஞ்சினுக்கு ரெண்டு டிரைவர் வேண்டாம் என்றாராம். சாம்பல் அள்ள என்னை விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, புறப்பட நின்ற எஞ்சினுக்கு முன்னால் யோவான் கண்ணை மூடி நின்றார். முகம் இப்படியும் அப்படியும் மெதுவாகத் திரும்பியது.

"ஜெபம் பண்ணுதாரா?" என்றான் என்னோடு சாம்பல் அள்ளுகிறவன்.

"ஆமா" என்றேன்.